பருவத்தின் முதற்கனியும் பௌத்தர் கடமையும்



மகத வேந்தன் பிம்பிசாரனுடைய சோலையில் ஒருகால் மாமரங்கள் காய்த்துத் தொங்கின. சங்கத்தினிடத்தில் பேரன்பு பூண்ட அம்மன்னன், பிக்குகள் விரும்பியவாறு கனிகளை எடுத்துக்கொள்ளலாம் என அனுமதி தந்திருந்தான். அறுவர் குழு என்று விநயபிடகம் அடிக்கடி குறிப்பிடுகிற பிக்குகள் சோலைக்குட் புகுந்தனர். பழுக்கும்வரை பொறுக்க அவர்களுக்கு மனமில்லை; பிஞ்சுகளையும் உதிர்த்துத் தின்று தீர்த்தனர். பின்னொரு நாள் அரசனுக்கு மாங்கனியில் விருப்பம் எழுந்தது. ஏவலர் சோலைக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பினர். நடந்ததைக் கேட்ட அரசன் சினங்கொள்ளவில்லை. பிக்குகள் உண்டதில் தனக்குக் குறையில்லை என்றும், ஆயினும் பகவன் அளவறிதலையே புகழ்ந்திருக்கிறார் என்றும் மட்டும் சொன்னான். ஊரார் அவ்வளவு பொறுமையுடையவர் அல்லர், பழித்துப் பேசினர். பேச்சுப் பகவனுடைய செவிக்கு எட்டவே, பிக்குகள் மாங்கனி உண்ணலாகாது என்று விதி பிறந்தது. பிறகு ஒரு விருந்தில் மாந்துண்டு கலந்த கறி படைக்கப்பட்டபோது, பிக்குகள் ஐயுற்றுக் கைவாங்கினர். அப்பொழுது பகவன் துண்டுகளாக வருவதை ஏற்கலாம் என்று அவ்விதியைத் தளர்த்தினார்.

சுள்ளவக்கத்தில் வரும் இச்சிறு வரலாறு துறவிகளுக்கே உரியது என்று பலர் தள்ளிவிடுவர். நாம் அதற்கு ஒருப்படோம். பிஞ்சு உதிர்க்கும் ஆசை சீவர ஆடை உடுத்தவரிடத்து மட்டும் தோன்றுவதன்று. தாராவித் தொண்ணூறடிச் சாலையிலும், மாட்டுங்கா இரயில் நிலையத்தை அடுத்த கடைவீதியிலும், செம்பூர்ச் சந்தையிலும் பையோடு நிற்கிற நம் அனைவரிடத்தும் அது உண்டு. நாம் விகாரையில் அமர்வது வாரத்திற்கு ஒரு பொழுது. சந்தையில் நிற்பதோ நாள்தோறும். ஆதலின் காய்கறி வாங்குதலைப்பற்றிப் பேசுவது தம்மப் பேச்சுக்குப் புறம்பானதன்று.

கொங்கணக் கரையின் மாமரங்கள் பனிக்காலத்திற் பூத்து, பங்குனியிலிருந்து வைகாசி வரை நன்கு முற்றிய கனியைத் தருகின்றன. ஆயினும் ஆங்கில வருடம் பிறந்த சில வாரங்களுக்குள் தேவகட்டிலிருந்தோ இரத்தினகிரியிலிருந்தோ முதற்பெட்டி வாஷி மொத்தச் சந்தையில் வந்திறங்கிவிடும். அதற்கு மாலையிட்டுப் பூசை நடத்துவர். பத்திரிகைகள் படம் போடும். ஒரு பெட்டி ஆயிரக்கணக்கில் விலைபோகும். அது செல்வர் விளையாட்டு. அதனால் நமக்கு நட்டமில்லை. நமக்குக் கவலை தருவது அதன்பின் நிகழ்வது. படத்தைக் கண்ட கண்ணில் ஆசை பிறக்கிறது. குழந்தை கேட்கிறது. மாசி கழியுமுன்னே நம் தெருமுனைத் தள்ளுவண்டியில், மலிவான விலையில், மஞ்சள் மின்னும் பழம் வந்து நிற்கிறது. அது எப்படி வந்தது? கல் வைத்து வந்தது. காய் முற்றுமுன் பறித்து, பெட்டிக்குள் கார்பைடுக் கல்லைப் பொட்டலமாகக் கட்டி வைக்கின்றனர். ஈரம் பட்டதும் அக்கல்லிலிருந்து அசெட்டிலீன் என்னும் வாயு எழுந்து தோலை மஞ்சளாக்குகிறது. உள்ளே காய் காயாகவே இருக்கிறது. தொழிற்சாலைகளில் இரும்பை வெட்டவும் ஒட்டவும் பயன்படுகிற கல் அது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுப் பொருள்களின் கலப்பும் உண்டு. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் இதனைத் தெளிவாகத் தடுத்திருக்கின்றன. தடுத்தும் என்ன? அவ்வப்போது அதிகாரிகள் கிடங்குகளிற் புகுந்து பறிமுதல் செய்கின்றனர். அடுத்த பருவத்தில் கல் மீண்டும் வருகிறது.

அங்குத்தர நிகாயத்தில் பகவன் நால்வகை மாங்கனிகளைக் காட்டி நால்வகை மனிதரை விளக்குகிறார். காயாக இருந்து பழமாகத் தோன்றுவது அவற்றுள் ஒன்று. நடையும் உடையும் பார்வையும் சாந்தமாக இருக்க, உள்ளே நால்வகை வாய்மைகளை அறியாதவனுக்கு அதனை உவமையாக்கினார். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன் உவமையாயிருந்தது இன்று தள்ளுவண்டியில் உண்மையாகவே நிற்கிறது! பௌத்த இல்லறத்தான் செய்யலாகாத ஐந்து வாணிகங்களுள் நஞ்சு வாணிகமும் ஒன்றென்று அதே நிகாயம் கூறும். கல் வைத்தவன் அவ்விதியை மீறுகிறான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவனை மட்டும் வைதுவிட்டு நாம் நழுவ முடியாது. பங்குனி வரை பொறுக்க ஆளிருந்தால் மாசியிற் கல் வைக்க ஆளிருக்குமா? வேட்கையே துக்கத்திற்குக் காரணம் என்று ஓதுகிற நாம், அவ்வேட்கையை ஒரு டஜன் பழத்தின் அளவிலாவது கண்டுபிடித்து நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டாவா?

பருவத்திற்கு முந்துவது வேறு. பருவம் தரும் முதற்பொருளை ஏற்பது வேறு. பின்னதைக் காண விரும்புவோர் மழை தொடங்கிய முதல் வாரங்களில், அதிகாலையில், தாதர் நிலையத்துக்கு வெளியே சென்று பார்க்க. கசாரா, கர்ஜத், பால்கர், டகாணுப் பக்கங்களிலிருந்து முதல் வண்டிகளில் ஆதிவாசிப் பெண்கள் வந்து சாக்கை விரித்து அமர்ந்திருப்பர். வார்லி, தாக்கூர், காத்கரி இனத்தார் அவர்கள். அவர்கள் முன்னே கூறுகட்டி வைத்திருப்பவை எந்தத் தோட்டத்திலும் விதைக்கப்பட்டவை அல்ல. மலைச்சரிவிலும் வரப்பிலும் முதல் மழைக்குத் தாமே முளைத்தவை. மராத்தியர் இவற்றை ரான்பாஜி, அதாவது காட்டுக்கறி, என்பர். டாக்ளா என்று அவர்கள் விற்பது நம் தகரைக் கீரை. குர்டு என்பது நம் பண்ணைக்கீரை. முள்முள்ளாய் உருண்ட கர்ட்டோலி, நம் ஊர்ப் பழுபாகல். சேவளா என்பது காட்டுக்கருணையின் பூந்தண்டு. ஆண்டில் சில வாரங்களே கிடைக்கும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் பாட்டிமார் பண்ணைக்கீரையைப் பார்த்தவுடன் பெயர் சொல்லி எடுப்பர். அவர்கள் பேரப்பிள்ளைகளோ முகத்தைச் சுளிக்கின்றனர். இச்சுளிப்பின் காரணம் நாம் அறியாததன்று. வயல் பிறருடையது, வரப்பு ஒன்றே நம்முடையது என்றிருந்த காலத்தில், வரப்பிற் கிள்ளிய கீரையே நம் கஞ்சிக்குத் துணையாயிற்று. ஆகவே அது வறுமையின் சின்னமாகவும், சேரியின் சின்னமாகவும் மனத்தில் தங்கிவிட்டது. மதம் மாறினோம், பெயர் மாற்றினோம், ஆனால் எதை உண்டால் இழிவு என்னும் எண்ணத்தை மட்டும் பழைய வீட்டிலிருந்தே சுமந்து வந்திருக்கிறோம். கீரைக்கு ஏது குலம்?

இன்னொன்றும் உண்டு, சொல்ல மனம் கூசினும் சொல்வோம். பளிங்குத் தரையும் குளிர்காற்றும் உடைய கடையில் ஒட்டியிருக்கும் விலையை நாம் வாய்திறவாமற் கொடுக்கிறோம். சாக்கு விரித்த அம்மையார் ஒரு கூறு இருபது ரூபாய் என்றால், பத்துக்குத் தா என்கிறோம். தந்தபின் கொசுறும் கேட்கிறோம். இரவு மூன்று மணிக்கு எழுந்து, காட்டில் முந்தின நாள் பொறுக்கியதைத் தலையில் தூக்கிக்கொண்டு வண்டி ஏறியவர் அவர். மாலைக்குள் விற்காத கீரை வாடிவிடும் என்பதை நாம் அறிவோம். நாம் அறிவோம் என்பதை அவரும் அறிவார். அந்த அறிவைக் கொண்டு விலையைக் குறைப்பது பேரமன்று. பிறன் இடுக்கணிற் பங்கு பறித்தல். இரண்டாம் சீலத்தில், கொடாததை எடாதிருக்கும் உறுதியை நாம் கூறும்போது இதனையும் நினைத்துப் பார்க்க. மனமின்றிக் கொடுத்தது கொடுத்ததாகுமா?

மழைக்கால வாசம் ஏற்பட்ட வரலாற்றையும் ஈண்டு நினைவூட்டுவோம். முன்னாளில் பிக்குகள் மழையிலும் ஊர்தோறும் நடந்துகொண்டிருந்தனர். இளம்புல்லையும் முளையையும் சிற்றுயிரையும் மிதித்துச் செல்கின்றனரே, பறவைகள்கூட மழைக்குக் கூடு கட்டி அடங்குகின்றனவே என்று மக்கள் குறை கூறினர். பகவன் அக்குறையைச் செவிமடுத்து, மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குக என்றார். முளைக்கிற பயிரை மிதியாமைக்காகத் துறவியர் நடையே நிறுத்தப்பட்டது என்பதை உன்னுக. அந்த ஆஷாடப் பௌர்ணமியும் டாக்ளாக் கீரையும் மும்பையில் ஒரே பருவத்தில் வருகின்றன.

நிற்க. இதுவரை வாங்கும் கையைப்பற்றிப் பேசினோம். விளைவிக்கும் கையைப்பற்றி இனிக் கூறுவோம்; நமக்கு முக்கியமானது இப்பகுதியே.

நம்மவர்க்கும் நிலத்துக்கும் உள்ள உறவு விசித்திரமானது. உழுதோர் நாம், உடையோர் பிறர். 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் நம் மக்கள் நிலையை விரித்து அறிக்கை எழுதியதன் பயனாக, 1892இல் சென்னை அரசாங்கம் தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் எனப்பட்ட அவற்றுள் மிகுதி காலப்போக்கிற் பிறர் கைக்குச் சென்றது. இங்கு மராட்டிய நாட்டில் நம் பௌத்த சகோதரர்கள், தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில், 1964 டிசம்பரில் நிலத்துக்காகப் பெரும் சத்தியாகிரகம் தொடங்கி இலட்சக்கணக்கிற் சிறை புகுந்தனர். 1982 ஜனவரி 18இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கொங்கணத்தாரும் மலைமேட்டு மராட்டியரும் ஊர் திரும்பிச் சிறுவயலில் வயிறு கழுவினர். பலருக்கு ஊரிலிருந்து அரிசி மூட்டை வந்தது. தாராவியில் நம் வீடுகளுக்கு மூட்டை வரவில்லை. அனுப்ப வயல் இருந்தால் அல்லவா வரும்!

அதற்காக, ஊருக்குத் திரும்புவோம் என்று பாடுவோர் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் கிராமத்தைக் கண்டித்த கண்டனம் நம் நெஞ்சில் உண்டு. கிராமம் வேண்டா, ஆனால் வயலோடு உறவு வேண்டும். அது எப்படிக் கூடும்?

தீக நிகாயத்துக் கூடதந்த சூத்திரத்தில் மகாவிஜிதன் என்னும் அரசன் கதை வருகிறது. நாட்டில் கொள்ளை மலிந்திருக்க அவன் பெரு வேள்வி செய்ய விரும்பினான். புரோகிதன் அவனைத் தடுத்தான். தண்டனையாற் கொள்ளை அடங்காது. உழுவோர்க்கு விதையும் தீனியும் கொடு, வணிகர்க்கு முதல் கொடு, ஏவலர்க்குக் கூலி கொடு என்றான். அப்புரோகிதன் தாமே என்று பகவன் பின்னர் வெளிப்படுத்துகிறார். கவனிக்க: விளைந்தபின் வாங்குக என்று அவன் கூறவில்லை. விளையுமுன் விதை கொடு என்றான்.

விளையுமுன் பணம் கொடுப்போர் இன்றும் உளர். கொங்கணத்தில் மாமரம் பூத்து நிற்கும்போதே தோப்பைக் குத்தகை பேசி முன்பணம் தரும் வியாபாரிகள் பலர். அம்முன்பணம் தோப்புக்காரர் கழுத்திற் கயிறு. கடன்பட்டவன் தன் கனிக்கு விலை சொல்ல இயலாது. ஆயின் உண்பவனே முன்பணம் கொடுத்தால்? ஜப்பானில் அது நடந்தது. பூச்சிமருந்தும் தொழிற்சாலை நஞ்சும் உணவிற் கலப்பதைக் கண்டு கலங்கிய தாய்மார்கள், 1970களில், நேரே உழவர் குடும்பங்களைத் தேடிச்சென்று உடன்படிக்கை செய்துகொண்டனர். விளைந்ததை முழுதும் நாங்கள் எடுத்துக்கொள்வோம், நஞ்சின்றி விளைவித்துத் தாரும் என்பதே அதன் சாரம். தேய்க்கெய் என்று அதற்குப் பெயர். 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களிலும் இம்முறை தோன்றிற்று. அங்கே விதைக்குமுன் ஒரு பங்குக்குப் பணம் கட்டிவிடுவர். நன்கு விளைந்தாற் கூடை நிறையும், ஆலங்கட்டி விழுந்தாற் கூடை குறையும். குறையைப்பற்றி உழவனை நோவதில்லை. நம் மும்பையிலும் இயற்கை உழவர்களும் நுகர்வோரும் சேர்ந்த சங்கம் ஒன்று, ஹரி பரி டோக்ரி என்னும் பெயரில், பருவத்துக்குப் பணத்தை முன்னரே வாங்கி வாரம் ஒரு கூடை கொடுக்கும் ஏற்பாட்டை நடத்திக் காட்டியது.

இதில் ஆழ்ந்த பொருள் ஒன்று இருப்பதாக நாம் கருதுகிறோம். முன்பணம் கொடுத்தவன் மழைக்காக வானத்தைப் பார்க்கிறான். தாராவியின் ஒற்றை அறையில் இருந்துகொண்டே முர்பாட்டில் ஒரு வயலுக்காக ஒருவன் வானத்தைப் பார்த்தால், அவன் நிலமற்றவன் அல்லன். பட்டா அவன் பெயரில் இல்லை. ஆயினும் இலாபத்திலும் நட்டத்திலும் அவனுக்குப் பங்குண்டு. நம் பாட்டனார் அந்த வயலில் நட்டத்துக்கு மட்டுமே பங்காளியாயிருந்தார்.

இதற்கு மறுப்பு எழும் என்பதை அறிவோம். அன்றாடம் காய்ச்சும் நாம் மூன்று மாதக் கீரைக்கு முன்பணம் கட்டுவதா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. பாந்திராவில் 2010இல் தொடங்கிய உழவர் சந்தையைப்போன்ற இயற்கைச் சந்தைகளின் விலை நம் பைக்கு எட்டாது. அதை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் நம் தாய்மார்க்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியும். திருமணமும் பள்ளிக்கட்டணமும் வீட்டுக்கூரையும் சீட்டினாலேயே நடக்கின்றன. பத்துக் குடும்பம் சேர்ந்து வாரம் ஒரு சிறு தொகை போட்டு, சேர்த்ததை, மழை தொடங்குமுன் ஒரு சிறு உழவர் குடும்பத்துக்கு விதைக்காசாகக் கொடுத்தால் என்ன? வட்டியில்லை, எழுத்து மட்டும் இருக்கட்டும். ஆவணி, புரட்டாசியில் வெண்டை, புடல், கீரை வந்தவாறு பத்துப் பங்காகப் பிரித்துக்கொள்க. மழை பொய்த்தால் அவ்வாண்டுச் சீட்டு தானமாயிற்று என்று கொள்ள மனம் உள்ளவரே இதிற் சேர்க. இல்லாதார் சேரவேண்டா, அதிற் குற்றமும் இல்லை.

அவ்வளவிற்கு இயலாதவர் உழவனிடத்தில் நேரே வாங்கலாம். மதுரையில் 1999 நவம்பர் 14இல் முதல் உழவர் சந்தை திறந்தபோது, உழவர்க்கு அடையாள அட்டையும், கட்டணமின்றித் தராசும் தந்து, தரகரை வாசலுக்கு வெளியே நிறுத்தினர். ஊருக்குப் போய்வருவோர் அதனைப் பார்த்திருப்பர். மகாராஷ்டிர அரசு 2016இல் காய்கனிகளை விற்பனைக்குழுச் சட்டத்தின் கட்டிலிருந்து விடுவித்து, சந்த் சாவதா மாளி பெயரால் வாரச்சந்தைகளை ஏற்படுத்தியது. தோட்டக்காரராயிருந்து தம் பாத்தியிலேயே பக்தி செய்த அருளாளர் அவர், பெயர் பொருத்தமே. ஆயினும் பலகையில் உழவர் சந்தை என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பவேண்டா. விடியற்காலையில் வாஷியில் மூட்டை எடுத்து, காலையில் உழவராய் அமர்வோரும் உண்டு. எந்த ஊர், எவ்வளவு நிலம், அடுத்த வாரம் என்ன வரும் என்று மூன்று கேள்வி கேட்க. ஆனி மாதத்தில் ஒரே பாயில் காலிபிளவர், பட்டாணி, தக்காளி, ஆப்பிள் எல்லாம் வைத்திருப்பவர் எந்த வயலின் உழவர்? பருவத்தில் விளையாதது அவரிடம் இல்லாதிருப்பதே அவர் உழவர் என்பதற்குச் சான்று.

நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அதைப் பௌத்தரே கேட்கக்கூடும்: மருந்து தெளிப்பவர் யார்? 2017இல் யவத்மால் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் பூச்சிமருந்து தெளித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பருத்தி நம் ஆலைகளில் நூலாய் ஓடிய பொருள்; அதன் செடிக்கடியில் ஒருவன் முகத்தில் துணிகூட இன்றி நின்றான் என்பதை நூற்றவர் எவரும் நினைத்ததில்லை. முதுகில் மருந்துப் புட்டியைச் சுமப்பவன் நிலமுடையவன் அல்லன், பெரும்பாலும் கூலியாள். அவன் நம்மவனாகவே இருக்கலாம். விலையைக் கேட்பதுபோல இதனையும் கேட்டுப் பழகுக. முதலில் உழவர் திகைப்பர். இரண்டாம் முறை விடை சொல்வர்.

வாங்குவதிலும் அளவு வேண்டும். கோலிய நாட்டுத் தீகஜாணுவுக்கு வரவறிந்து செலவிடுதலை உரைத்த பகவன், மிகைச் செலவாளனை அத்திப்பழம் தின்பவனுக்கு ஒப்பிட்டார். அவன் மரத்தை உலுக்குவான், நூறு விழும், பத்துத் தின்பான். பருவத்தின் தொடக்கத்தில் மாட்டுங்காவில் வடுமாங்காய் வந்திறங்கியதும் ஐந்து கிலோ வாங்கி, உப்பிட நேரமின்றி அழுகவிட்ட வீடுகளை நாம் கண்டிருக்கிறோம்.

வரும் ஆஷாடப் பௌர்ணமிக்கு வழக்கம்போல ஆப்பிளும் திராட்சையும் அடுக்கவேண்டா என்று இயலும் விகாரையினரைக் கேட்டுக்கொள்கிறோம். அன்று காலை தாதரிலோ தாணாவிலோ கல்யாணிலோ ஆதிவாசிப் பெண்களிடம் கேட்ட விலைக்கு வாங்கிய கீரையைக் கொண்டு வருக; அதனைச் சமைத்தே தானம் நடத்துவோம். தகரைக் கீரையில் இளந்தளிரை மட்டும் கிள்ளிப் பருப்போடு வேகவைத்தால் பிள்ளைகளும் உண்பர். பழுபாகல் கசப்பதில்லை, வெங்காயம் மிகுதியாக இட்டு வதக்கினாற் போதும். சேவளா வாங்குவோர் அதனுடன் காகட் என்னும் சிறு காயையும் அவ்வம்மையாரிடமே கேட்டு வாங்கிக்கொள்க. அதனை இடித்துச் சாறெடுத்துச் சேர்க்காவிடில் தொண்டை அரித்துவிடும்.